மூடி ஆடிய மூன்று நாள்

அவலூர்பேட்டையில் நெல் ஏற்றிக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பும்போதுதான் முதலில் அந்த நாற்றம் வந்தது. சூடான ஆயில் நாற்றம். என் லாரி பழசு. இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், பானட் என்கிற தகர மூடிக்குக் கீழே இருக்கும். அந்தப் பானட் ஓரத்திலிருந்து புகை கசிந்தது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டும் கண் எரிந்தது.

புளியமரத்தடியில் ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். இன்ஜின் பக்கவாட்டு முழுக்க ஆயில். ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக் தன் குழாயிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே வந்து நின்றது. யாரும் இழுக்கவில்லை. உள்ளேயிருந்து ஏதோ அதை வெளியே தள்ளியிருக்கிறது. அழுத்தி உள்ளே விட்டேன். வண்டியை உறுமவிட்டேன். மறுபடியும் மெதுவாக எழும்பி வந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. என்னிடம் வந்தே பதினோரு வருஷம். ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான். தை மாதம். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மலையாய்க் குவிகிற நேரம். வருஷம் முழுக்க வண்டி சும்மா நிற்பதை இந்த இரண்டு மாதம்தான் ஈடுகட்டும். நான் லோடு ஓட்டுகிற ரைஸ் மில்லின் மேனேஜர் சீசன் ஆரம்பத்திலேயே எல்லா லாரிக்காரனிடமும் சொல்லிவிட்டார்: "ரெண்டு நாள் வண்டி வரலைன்னா மூணாம் நாள் வேற வண்டி நிக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது." ஒருமுறை இடம் போனால் அந்த சீசன் போனதுதான்.

அன்றைக்கு எப்படியோ ஊர்ந்து வந்து லோடை இறக்கிவிட்டு, நேராக மெக்கானிக்கிடம் போனேன். திண்டிவனம் சாலையில் அவருடைய ஷெட். அவரும் என் வயதுக்காரர்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். எனக்கும் பாய். என்னை அவர் மொதலாளி என்பார். ஒரே ஒரு ஓட்டை லாரி வைத்திருக்கிறவனை மொதலாளி என்று கூப்பிட்டால் அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இன்னா மொதலாளி, வண்டி அழுவுது?"

"ஆயில் ஸ்டிக்க வெளிய தள்ளுது பாய்."

அவர் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தார். இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல் புகை வந்தது. மூடியைக் கவிழ்த்து அதே ஓட்டைமேல் சும்மா வைத்தார். நல்ல இன்ஜினில் மூடி லேசாக நடுங்கியபடி அங்கேயே இருக்கும். என் மூடி துள்ளியது. இரண்டு துள்ளு துள்ளிவிட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது.

"பாத்தியா? பேக் கம்ப்ரஷன். ரிங்கு போச்சு. ஸ்லீவும் போயிருக்கும். எறக்கணும்."

பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்து, மேலே எரிகிற புகை கீழே ஆயிலுக்குள் இறங்குகிறது என்கிறார். இன்ஜினை இறக்குவதென்றால் பதினைந்து நாள். அதற்குள் சீசன் பாதி முடிந்துவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எதற்கெடுத்தாலும் எறக்கு எறக்கு என்றால் எப்படி?

"ரிங்கு போனா பொகை வரணுமே பாய்? சைலன்சர்ல ஒரு சொட்டு நீலப் பொகை இல்ல. காலைல அரை செல்ஃப்ல புடிக்குது. இழுவையும் கொறையல."

"இன்னிக்கி கொறையல. நாளைக்கி கொறையும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கீழ இன்னாச்சும் பண்ணியா? எதுனா கழட்டுனியா, மாத்துனியா?"

"ஒண்ணும் பண்ணல."

"நெனப்பு பண்ணிச் சொல்லு."

"பண்ணலன்னா பண்ணல. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

கத்திவிட்டேன். ஷெட்டில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை லோடுக்குப் போகவில்லை. பயம். நெல்லோடு நடுவழியில் இன்ஜின் இறுகி நின்றால் மில்லுக்கு என்ன பதில் சொல்வது? வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணிக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து மூடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தெறித்து விழுந்தது. ஏதோ தானாகச் சரியாகிவிடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மடத்தனம்தான். என் மனைவி காபியைக் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு, "அதையே பாத்துனு இருந்தா அது நின்னுடுமா?" என்று கேட்டாள். "நீ உள்ள போ" என்றேன். காபி ஆறிப்போனது.

மத்தியானம் அவள் தம்பி வந்தான். செய்தி அதற்குள் அவன் காதுக்குப் போய்விட்டது. இந்த ஊரில் லாரி தும்மினால் பேருந்து நிலையம் வரை கேட்கும்.

"மாமா, இதுக்குமேல இத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். வண்டி ஒடைக்கிறவன். நல்ல வெலைக்கி எடுத்துக்குவான். வியாழக்கிழம காலைல கூட்டினு வரட்டா?"

ஒடைக்கிறவன். சேசிஸ் தனி, ஆக்சில் தனி, டயர் தனி, மிச்சம் பழைய இரும்பு. மச்சான் என்னமோ வீட்டுக்கு வாடகை ஆள் பிடித்துத் தருகிறவன்போல் சொல்கிறான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டு அடுத்தவன் லாரியில் டிரைவராக ஏறி, இருபத்தைந்து வயது ஓனரிடம் "சார், டீசலுக்கு" என்று நிற்க வேண்டும். அதை அவனிடம் சொன்னால் புரியாது. "கூட்டினு வா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நாக்கு கசந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து வியாழக்கிழமைதான் எனக்குக் கெடு. இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா இல்லையா என்பது அதற்குள் தெரிய வேண்டும். போயிருந்தால் கொடுத்துவிட வேண்டியதுதான். போகாமல் இருந்து, போய்விட்டது என்று நம்பி உடைக்கக் கொடுத்துவிட்டால்?

புதன்கிழமை விடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். குளிர்ந்த இன்ஜின். ரிங் தேய்ந்திருந்தால் இந்த நேரத்தில்தான் இருமும், திணறும், பின்னால் நீலமாகக் கக்கும். சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. பின்னால் ஓடிப்போய் சைலன்சர் வாயில் கையை வைத்தேன். கையில் ஈரப் பிசுக்கு இல்லை. புகையும் இல்லை. உடம்பில் ஜுரம் இல்லாத ஆளைச் செத்துவிட்டான் என்கிறார்கள். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் மூடியை வைத்தால் அது தெறிக்கத்தான் செய்தது. அதற்கு என்ன பதில்?

ஆயில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம் என்று சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். முன்பக்கம் புல்லி ஓரத்தில் ஆயில். பின்பக்கம் ஃப்ளைவீல் ஓரத்தில் ஆயில். பக்கவாட்டில் கேஸ்கெட் ஓரமெல்லாம் ஆயில். ஒழுகக் கூடாத இடமெல்லாம் ஒழுகுகிறது. ஒழுக வேண்டிய இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

ப்ரீதர் பைப்பைச் சொல்கிறேன். எந்த இன்ஜினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே ஆயில் இருக்கிற தொட்டிக்குள் இறங்கத்தான் செய்யும். புது இன்ஜினிலும் இறங்கும். அந்தக் காற்று வெளியேறத்தான் இன்ஜின் தலைமேல் இருக்கிற டேப்பட் கவரிலிருந்து ஒரு குழாய் இறங்கி, இன்ஜினுக்கு அடியில் ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். பழைய வண்டியில் அதன் வாயில் எப்போதும் ஒரு சொட்டு ஆயில் தொங்கும். என் வண்டியில் சொட்டு இல்லை. குழாயின் வாயே இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி இருந்தது. குளவிக் கூடு என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் குத்தினேன். கல்லாய் இருந்தது. அதைச் சுற்றி சைக்கிள் ட்யூப் பட்டை.

அந்த முடிச்சு என் முடிச்சு. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

போகிப் பண்டிகைக்கு முன்பு ஒருநாள், கமிட்டி முற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நெல் குவியல் ஓரத்தில் நிறுத்தினேன். தொண்டூர்க்காரப் பெண் ஒருத்தி, தன் குவியலுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்து கத்தினாள். "யோவ், கண்ணு தெரியல உனுக்கு? நெல்லு மேல ஆயில வுடுற? நாலு மாசம் சேத்துல நின்னது நானா நீயா?" ப்ரீதர் பைப் சொட்டியிருக்கிறது. அவள் நெல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. நான் பதிலுக்குக் கத்தினேன். ஆனால் அவள் சொன்னது நியாயம். அந்த நெல்லை அவள் குனிந்து தனியே அள்ளி எறிவதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு பழைய பனியன் துணியை நாலாக மடித்து, குழாய் வாயில் சுற்றி, சைக்கிள் ட்யூப்பால் இறுக்கிக் கட்டினேன். துணி ஆயிலைக் குடிக்கும், காற்று துணி வழியே போய்விடும் என்று கணக்கு. அதோடு மறந்தும் போனேன்.

துணி ஆயிலைக் குடித்தது. அந்த ஈரத்தில் கமிட்டி முற்றத்தின் நெல் சுணையும் உமித் தூசும் செம்மண்ணும் வந்து அப்பின. இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து, வரட்டிபோல் இறுகிவிட்டது. காற்றுக்கு வழி இல்லை. அது என்ன செய்யும்? ஸ்டிக்கைத் தள்ளியது, ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீலைத் தள்ளியது, கேஸ்கெட்டைத் தள்ளியது.

கத்தியால் ட்யூப்பை அறுத்துக் கட்டியைப் பிய்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புஸ்ஸென்று சூடான காற்றும் ஆயிலும் முகத்தில் அடித்தன. துடைக்கக்கூட இல்லை. மேலே ஏறி மூடியைக் கவிழ்த்து வைத்தேன். தெறிக்கவில்லை. ஆனால் ஆடியது. வெறும் நடுக்கம் இல்லை. நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து, கொஞ்ச நேரத்தில் விழுந்தது.

சந்தோஷப்பட இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. துணிதான் காரணம் என்றால் ஏன் இன்னும் ஆடுகிறது? ஒருவேளை இரண்டும் உண்மையோ? துணியும் நான் கட்டினேன், ரிங்கும் போய்விட்டது என்றால்? அல்லது மூன்று வாரம் மூச்சை அடைத்து ஓட்டியதில் நானே இன்ஜினைக் கெடுத்துவிட்டேனா?

பாய்க்குப் போன் செய்ய வேண்டும். திங்கட்கிழமை நடு ஷெட்டில் அவரிடம் கத்தியவன் நான். போனை மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசியில் செய்தேன். அரை மணியில் வந்துவிட்டார். கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யார் கட்னது?"

"நான்தான்."

"கீழ இன்னாச்சும் பண்ணியான்னு கேட்டேனா இல்லியா?"

"மறந்துட்டேன் பாய்."

"மறந்தியா, கோவத்துல வாய் முந்திக்கிச்சா?" கட்டியை என் கையில் திணித்தார். "இன்ஜினு மூக்கப் பொத்தி வச்சிட்டு, வாயால வாந்தி எடுக்குது வைத்தியம் பாருன்னு எங்கிட்ட வந்திருக்கியே மொதலாளி, உன்ன இன்னா பண்றது?" பிறகு கொஞ்சம் தணிந்து, "நானும் குனிஞ்சு பாக்கல. முட்டி வலி. எம்மேலயும் தப்பு இருக்குது" என்றார்.

டேப்பட் கவரைக் கழற்றினார். ப்ரீதர் தொடங்குகிற இடத்தில், கவருக்கு உள்பக்கம், கம்பி வலை ஒன்று இருக்கும். ஆயில் துளியைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் விட வேண்டியது அதன் வேலை. அது புளிச்சக்கீரை மசித்ததுபோல் கறுப்புச் சகதியால் மூடியிருந்தது. பதினோரு வருஷத்தில் அதை ஒருதடவையும் நான் கழுவியதில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே நினைத்துப் பார்த்ததில்லை. டீசலில் ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்து மாட்டினார்.

மறுபடியும் ஸ்டார்ட். மறுபடியும் மூடி. இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனாலும் ஆடியது.

"அப்போ ரிங்குதான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சும்மா இரு."

அவர் வண்டியை நிறுத்தினார். ஏர் பிரேக் டேங்கின் அடியில் இருக்கிற வால்வை இழுத்துக் காற்றை முழுக்க இறக்கினார். கேஜ் முள் சுழியத்தில் விழுந்தது. பிறகு ஸ்டார்ட் செய்து மூடியைக் கவிழ்த்து வைத்து, "முள்ளப் பாரு, மூடியப் பாரு. வேற எதையும் பாக்காத" என்றார்.

பிரேக்குக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் வேலை செய்ய ஆரம்பித்தது. முள் மெல்ல ஏறியது. மூடி ஆடிக்கொண்டே இருந்தது. ஏற ஏற அதிகமாக ஆடியது. டேங்க் நிரம்பியதும் கம்ப்ரஸர் காற்றடிப்பதை நிறுத்தும். அப்போது வால்வு ஒரு சத்தம் விடும். புஸ் என்று சத்தம் வந்தது. மூடி அப்படியே அடங்கியது. தொட்டுப் பார்த்தேன். கைக்கு லேசான நடுக்கம் மட்டும்.

அவர் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். காற்று இறங்கி, கம்ப்ரஸர் திரும்ப வேலைக்கு வந்தது. மூடி ஆடியது. புஸ். அடங்கியது. மூன்று தடவை செய்து காட்டினார்.

"கம்ப்ரஸர் ரிங்குயா தேஞ்சிருக்குது. அது அடிக்கிற காத்து டேங்குக்குப் போறது பாதி, இன்ஜினுக்குள்ள எறங்குறது பாதி. உன் பிஸ்டன் ரிங்கு நல்லாத்தான் இருக்குது. இப்போதைக்கி."

அந்த 'இப்போதைக்கி'யை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கம்ப்ரஸரைக் கழற்றிப் பிரித்தோம். இரண்டு ரிங் உடைந்தே இருந்தது. பஜாரில் ரிங் செட் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் மாட்டிவிட்டார். முன்பக்க ஆயில் சீலையும் மாற்றினார். பின்பக்க ஆயில் சீல் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது ஒழுகட்டும், தினம் ஆயில் அளவு பார்த்து ஊற்றிக்கொள், சீசன் முடிந்ததும் கொண்டுவா என்றார். ப்ரீதர் பைப்போடு ரப்பர் ஹோஸ் ஒன்றைச் சேர்த்து, சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோய், வாய் திறந்தபடியே தொங்கவிட்டார். "இதுல மறுபடியும் எதுனா கட்டுன, நான் வர மாட்டேன்." சொட்டத்தான் செய்யும். அதற்கு ஒரே வழிதான்: கமிட்டியில் குவியலுக்கு இருபதடி தள்ளி நிறுத்துவது. மூட்டை தூக்குகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

வியாழக்கிழமை காலையில் மச்சான் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் லோடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தான். செருப்புக் காலோடு. என் வாசலில் நின்று என் வண்டியை.

"இன்ஜின் போன வண்டின்னு சொன்னீங்களே?" என்று மச்சானைக் கேட்டான்.

"போகல," என்றேன். "வண்டி குடுக்கல. நீ கெளம்பு."

"மாமா, ஆளக் கூட்டினு வான்னு சொன்னது நீதான?"

"சொன்னேன். இப்ப வேணாங்குறேன்."

"ரோட்ல நிக்கப் போற பாரு. அப்ப எனக்குப் போன் பண்ணாத."

அவன் கோபித்துக்கொண்டு போனான். அவன் சொன்னதும் தப்பு இல்லை. நிற்கலாம். என் மனைவி கதவோரம் நின்று கேட்டாள், "ஓடுமா?" என்று. தம்பியை அப்படி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஓடும்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஓடும்னு நெனைக்கிறேன்" என்று மாற்றிச் சொன்னேன்.

அவலூர்பேட்டையில் லோடு ஏற்ற மத்தியானம் ஆகிவிட்டது. திரும்புகிற வழியில் நாலு இடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு இடத்திலும் பானட்டைத் தூக்கி ஸ்டிக்கைப் பார்த்தேன். நாலு முறையும் அது தன் குழாயில் அழுந்தி உட்கார்ந்திருந்தது. இருந்தும், மூடிவிட்டு ஏறி உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்தது. மூக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஆயில் நாற்றத்தையே தேடியது. பக்கத்தில் ஒரு டிராக்டர் போனால் அதன் புகை என் புகையோ என்று பதறினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துவிட்டு, தாண்டும்போது தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனான். அவன் திட்டுகிற அளவுக்கு மெதுவாகத்தான் போனேன்.

மில் வாசலுக்கு வந்தபோது மேனேஜர் கையில் போனோடு வெளியே நின்றிருந்தார்.

"இன்னாயா இது? ரெண்டு நாளா ஆளையே காணோம். இன்னிக்கும் பொழுதோட வர. வேற வண்டிக்குத்தான் போன் போட்டுனு இருக்கேன்."

"வைங்க போன. லேட்டுதான். வண்டி வந்துருச்சுல்ல? எறக்கச் சொல்லுங்க."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். என் சட்டையெல்லாம் ஆயில். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டை இறக்குகிறவர்களைக் கூப்பிட்டார். "நாளைக்கி எட்டு மணிக்கு லோடோட இங்க நிக்கணும்" என்றார்.

நிற்கிறேன் என்றேன். அவர்கள் இறக்கத் தொடங்கியதும், இன்ஜினை நிறுத்தாமலே ஏறிப் பானட்டைத் தூக்கி ஸ்டிக்கை இன்னொரு தடவை பார்த்தேன்.